பச்சைக் கோட்டும் பன்னிரண்டு மாடுகளும்

அந்தக் கொட்டகையில் சரியான தூக்கம் இல்லாதவர்கள் மொத்தம் பதினான்கு பேர். பன்னிரண்டு மாடுகள், ஓர் அம்மா, ஒரு குண்டூசி.

மாடுகளுக்குத் தீவனம் போடுகிற கொட்டாவி மாமாவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் நின்றுகொண்டே தூங்குவார். கையிலிருக்கிற வாளி மட்டும் விழாது.

குண்டூசி ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். ஒல்லிக்குச்சி உடம்பு, குத்திக் குத்திக் கேள்வி கேட்கிற வாய். இரண்டுக்கும் சேர்த்து அப்பா வைத்த பட்டப்பெயர் அது.

அவளுடைய அம்மாவுக்கு மாடுகளைப் பார்ப்பதுதான் வேலை. கறப்பதில்லை, மேய்ப்பதில்லை, பார்ப்பது மட்டும்தான். மாடு எந்தத் தரையில் படுத்தால் சுகமாக இருக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கொட்டகையின் வாசல் பக்கம் மணல். நடுவில் வைக்கோல். கோடியில் கறுப்பு ரப்பர் விரிப்பு. மாடுகள் இஷ்டப்படி எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

அம்மா வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தாளில் குறிப்பார். எந்த மாடு எங்கே இருக்கிறது, நின்றால் 'நி', படுத்தால் 'ப'. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை, முப்பத்தொன்பது நாளாக இதே வேலை.

"மாடு படுக்குதான்னு பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா?" என்று கொட்டாவி மாமா கொட்டாவிக்கு நடுவே கேட்பார்.

"அதுங்க வாயைத் திறந்து சொன்னா நான் ஏன்ணே இங்க உட்கார்ந்திருக்கேன்? ஒரு வார்த்தை கேட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேனே!" என்பார் அம்மா.

குண்டூசி பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவாள். பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் எழுதுவாள். கண்ணாடி ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க அவளுக்கும் அசதியாக வரும். மாடுகளும் அம்மா மாதிரியே இருந்தன. கால் மாற்றி, கால் மாற்றி நின்றன. படுத்தால் ரப்பரில் படுத்தன, சீக்கிரமே எழுந்தன. ஒரு கொம்பு முறிந்த 'அரைக்கொம்பு' என்ற மாட்டுக்கு முன்னங்கால் முட்டியில் ரோமமே தேய்ந்து போயிருந்தது.

ஆனாலும் தாள் என்ன சொல்கிறதோ அதுதானே முடிவு? ரப்பர்தான் ஜெயித்தது. வெள்ளிக்கிழமை அம்மா அறிக்கை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை லாரியில் ரப்பர் விரிப்பு வரும். பக்கத்துப் பெரிய கொட்டகையில் இருக்கிற இருநூறு மாடுகளுக்கும் அதைத்தான் போடுவார்கள்.

அதே சனிக்கிழமை காலை ரயிலில் அம்மாவும் குண்டூசியும் அப்பாவைப் பார்க்கப் போகிறார்கள். அப்பா தூரத்துத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பார்த்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. குண்டூசி ரயில் டிக்கெட்டைத் தினமும் எடுத்துப் பார்த்து, அது கசங்கியே போயிருந்தது.

வியாழக்கிழமை அவள் வந்தபோது அம்மாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தலை வெடிக்குதுடி. மேலாளர் வேற கூப்பிடறார். ஒரு மணி நேரம் நீ உட்கார்ந்து எழுதறியா?"

"நானா? உள்ளேயா?" குண்டூசிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பச்சைக் கோட்டு போடணுமா?"

வெளியாட்கள் உள்ளே போனால் ஆணியில் தொங்கும் பச்சைக் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். அம்மாவும் தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

"உன் அளவுக்குக் கோட்டு ஏது? அதைப் போட்டா நீ உள்ளே காணாமப் போயிடுவே. சும்மா போய் உட்காரு. சத்தம் போடாதே."

குண்டூசி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எல்லா மாடும் கோடியில் நின்றன.

முதல் பத்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பத்து நிமிடத்தில் அரைக்கொம்பு தலையைத் தூக்கியது. மெல்ல மெல்ல வந்தது. குண்டூசியின் ரிப்பனை முகர்ந்தது. பிறகு அவளுக்கு முன்னாலேயே, மணலில், முட்டியை மடக்கி 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டுப் படுத்தது. வேலை முடிந்து வந்து அம்மா நாற்காலியில் விழும்போது வருகிற அதே பெருமூச்சு!

ஒரு மணி நேரம் முடிவதற்குள் ஒன்பது மாடுகள் மணலில் படுத்துவிட்டன. குண்டூசி 'ப', 'ப' என்று எழுதிக்கொண்டே போனாள்.

அப்போது அம்மா வாசலில் வந்து நின்றார், பச்சைக் கோட்டோடு.

அரைக்கொம்பு சட்டென்று எழுந்தது. பின்னாலேயே மற்றவையும் எழுந்து கோடிக்குப் போய் நின்றன. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வந்ததால் கவனிக்கவில்லை.

"தாங்க்ஸ்டி கண்ணு. தாளை அப்புறம் வாங்கிக்கறேன். நீ போய் உட்காரு."

குண்டூசிக்குப் பொறி தட்டியது. இந்தப் பச்சைக் கோட்டை வேறு யார் போடுவார்கள்? திங்கள்கிழமைதோறும் வருகிற மாட்டு டாக்டர்! கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவர்!

அவள் இன்னொரு கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். கறவைக்குப் போகிற மாடு ஒன்று கொட்டாவி மாமாவின் தோளில் தலை வைத்திருந்தது. இரண்டு பேருக்கும் அரைத் தூக்கம்.

"மாமா, இதைப் போட்டுக்கிட்டு மறுபடி அது பக்கத்துல போங்களேன்."

"எனக்கெதுக்கு இந்த வேஷம்?" என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார். இரண்டு அடி வைத்தார். மாடு நாலடி பின்னால் போனது.

"ஏய், நான்தான்! எட்டு வருஷமா சோறு போடறேன், என்னையே தெரியலையா?" மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு முதல் முறையாக அவருடைய தூக்கம் முழுசாகக் கலைந்தது.

குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை. மாடுகள் ரப்பரைத் தேடிப் போகவில்லை. கோட்டுக்குப் பயந்து கோடிக்குப் போயிருக்கின்றன. கோடியில் இருந்தது ரப்பர், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் அம்மாவின் முப்பத்தொன்பது நாள் உழைப்பும் வீண். மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ரயிலாவது, அப்பாவாவது!

அவள் தன் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அறையில் போய் உட்கார்ந்தாள். கணக்கு நோட்டைத் திறந்தாள், ஒரு கணக்கும் ஏறவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அரைக்கொம்பு தேய்ந்த முட்டியோடு நின்றுகொண்டிருந்தது. கால் மாற்றி, கால் மாற்றி. இதே போல இன்னும் இருநூறு மாடுகள். குண்டூசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் அம்மா கோட்டைக் கழற்றி மாட்டும்போது அவள் தாளை நீட்டினாள்.

"அம்மா, திட்டாதே. முழுசாக் கேளு."

அம்மா முழுசாகக் கேட்டார். தாளைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தொன்பது நாள்டி! முப்பத்தொன்பது நாளா அதுங்களுக்கு எது பிடிக்கும்னு பார்க்கறேன்... என்னைப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியலையே!"

"உன்னை இல்லம்மா. உன் கோட்டைத்தான்."

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குண்டூசியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"டிக்கெட் போச்சே. தெரிஞ்சுதான் சொன்னியா?"

"தெரிஞ்சுதான்," என்றாள் குண்டூசி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மறுநாள் மேலாளர் எடுத்த எடுப்பில் குதித்தார். "லாரி நாளைக்கு வருது! இப்ப வந்து கோட்டு, கீட்டுன்னா?"

"நீங்களே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க சார். கோட்டு இல்லாம," என்றாள் குண்டூசி.

மேலாளர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அரைக்கொம்பு வந்து அவர் காலடியில் படுத்தது. பிறகு அம்மா பச்சைக் கோட்டோடு உள்ளே வந்தார். அத்தனை மாடும் எழுந்து ஓடின. மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

"லாரியை நிறுத்தச் சொல்றேன். இன்னொரு முப்பத்தொன்பது நாள் எடுத்துக்குங்க," என்றார்.

"கேட்கவே கால் வலிக்குது சார்," என்றார் அம்மா.

சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னார்கள். அப்பா உடனே, "நீங்க வர முடியலைன்னா என்ன, நான் வரக் கூடாதா? எனக்குப் பஸ் ஏறத் தெரியாதா?" என்றார்.

சனிக்கிழமை மதியம் அப்பா நேரே கொட்டகைக்கே வந்துவிட்டார். பஸ்ஸில் தூங்காத கண், தோளில் பை. அம்மா இப்போது அப்பாவின் பழைய நீலச் சட்டையில் இருந்தார். தினமும் வேறு வேறு பக்கம் உட்கார வேண்டும் என்று குண்டூசி சொல்லியிருந்ததால் ஸ்டூல் இன்று கோடியில் இருந்தது.

"இந்தத் தடவை நானும் எழுதறேன். நீ போய் அப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசும்மா," என்றாள் குண்டூசி, தாளைப் பிடுங்கிக்கொண்டு.

வேலிக்கு வெளியே வைக்கோல் கட்டின் மேல் சாய்ந்துகொண்டு அம்மா பேச ஆரம்பித்தார். மூன்றாவது வார்த்தையில் தூங்கிப்போனார். கேட்டுக்கொண்டிருந்த அப்பாவும் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிப்போனார். கொட்டாவி மாமா வாளியோடு நின்றபடி தூங்கினார்.

பத்து நிமிடம் ஆனது. குண்டூசி எண்ணினாள். மணலில் ஏழு 'ப'. வைக்கோலில் நான்கு 'ப'. ரப்பரில் ஒரே ஒரு 'நி', அதுவும் அவளுடைய ரிப்பனை முகர வந்த அரைக்கொம்புதான்.

தாளின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா அதில் ஒரு நாளும் எதுவும் எழுதியதில்லை. குண்டூசி அழகான கையெழுத்தில் எழுதினாள்:

'அம்மாவும் படுத்தாச்சு. யாரும் எழுப்ப வேண்டாம்.'