காவலர்களின் பசி

கோயம்புத்தூரில் இப்போது யாரும் முகம் கழுவுவதில்லை. கன்னத்தில் குடியேற்றப்பட்ட 'தோல்காவலர்' என்ற நுண்ணுயிர்கள், சுரக்கிற எண்ணெயைத் தின்று, முகத்தைத் துலக்கிய எவர்சில்வர் தட்டு மாதிரி வைத்திருந்தன. அப்படியும் ஒருவருக்குப் பரு வந்தால், அவர் திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறார் என்று பொருள். அந்தப் பொருளைச் சொன்னவர் தூய்மேனி மன்றத் தலைவர் சிவக்கொழுந்து. 'முகமே சாட்சி, விசாரணை வேண்டாம்' என்று மன்றத்துக்கு விதி எழுதியவரும் அவரே. அந்த விதிப்படிதான் பொருளாளர் கோமதிநாயகம் தாடையில் ஒரு பருவோடு வெளியேற்றப்பட்டார். "சத்தியமா கஞ்சிதானுங்க குடிச்சேன்" என்று அவர் சொன்னபோது மன்றமே சிரித்தது. சிரிப்பைத் தொடங்கிவைத்தவர் தலைவர்.

இன்று தலைவரின் மூக்கு நுனியிலேயே ஒன்று. அடுத்த வாரம் பொதுக்குழு. சித்திரை வெயிலில் மப்ளர் சுற்றிக்கொண்டு, தோல் மருத்துவர் பர்வீன் வீட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தார்.

"வேகவச்ச காய்தானுங்க டாக்டர். எண்ணெயைக் கண்ணால பாத்தே வருசக்கணக்காச்சு."

பருவின் காரணத்தைத் தோலுக்கடியில் தேடிப்போகும் மூலங்காட்டியை பர்வீன் அவர் மூக்கில் வைத்தார். திரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அதாங்க பிரச்சினை. உங்க காவலருக்கெல்லாம் பட்டினி. தீனி வேணும்னு எண்ணெய்ச் சுரப்பியைப் போட்டுக் குடையுதுங்க. அது மிரண்டுபோய் ஒரேயடியா சுரக்குது, துளை அடைச்சுக்குது. ரொம்ப ஒழுங்கா இருக்கறவங்களுக்குத்தான் வருது."

சிவக்கொழுந்து பெருமையில் நிமிர்ந்தார்; மூக்கு நினைவுக்கு வந்ததும் மப்ளரை மேலே இழுத்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்றதுங்க?"

"பஜ்ஜி சாப்பிடுங்க."

"நான் யாருன்னு தெரியுமில்லீங்க?"

"எனக்குத் தெரியுது. உங்க மூக்குக்குத் தெரியலீங்களே."

வீடு திரும்பும் வழியில் கோமதிநாயகத்தின் தாடை நினைவுக்கு வந்தது. அந்த ஆளும் கஞ்சிதான் குடித்திருப்பாரோ? கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார். காரணம் சொன்னால் மூக்கைக் காட்ட வேண்டும். பொதுக்குழு முடியட்டும் என்று ஒத்திப்போட்டார். வாழைக்காய் பஜ்ஜியை ஒத்திப்போடவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். மருந்து நன்றாகவே வேலை செய்தது. அதற்குள், ஒழுங்காக இருப்பவர்களுக்குத்தான் பரு வரும் என்ற பர்வீனின் ஆய்வு செய்திகளில் வெளியாகி, ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. சாத்திய கதவுக்குள் அது மட்டும் வரவில்லை.

பளபளக்கும் முகத்தோடு மேடையேறினார். எதிரே வரிசை வரிசையாகப் பருக்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. தலைவர் நாற்காலியில், மன்றம் திரும்ப அழைத்துவந்த கோமதிநாயகம், தாடையைச் சற்றே தூக்கி வைத்துக்கொண்டு.

"முகம் ஜொலிக்குதுங்களே தலைவரே. எந்தக் கடைங்க?"

மன்றமே சிரித்தது.

"அது மருந்துங்க. சத்தியமாங்க."

"நானும் அன்னைக்குச் சத்தியம்தானுங்க பண்ணுனேன்."

விசாரணை வேண்டும் என்று கேட்க வாயெடுத்தார். விதியை எழுதிய கை எது என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.

படியிறங்கும்போது, முன்வரிசையில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்த செயலாளரின் கன்னத்துப் பரு வியர்வையில் வழுக்கிச் சட்டைக் காலரில் ஒட்டிக்கொண்டது. ஸ்டிக்கர் பொட்டு. சிவக்கொழுந்து பார்த்துவிட்டார். அவர் பார்த்ததைச் செயலாளரும் பார்த்தார்.

பிறகு பொட்டை விரலில் எடுத்து, அவசரமேயில்லாமல், மறு கன்னத்தில் ஒட்டிக்கொண்டார்.