கடைசி வரிசைக்குக் கேட்கிற குழாய்

இசபெல்லின் அப்பாவுக்கு எல்லாமே "ரொம்ப நல்லா" இருக்கும்.

"அப்பா, ரசத்துல உப்பு இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"அப்பா, நாளைக்கு மழை வருமா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

அப்பா பெயர் லோரன்ஸ். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தை உருட்டுகிற பெரிய ரோலர்களுக்குப் பக்கத்தில் அவர் பல வருஷமாக நிற்கிறார். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. அருகில் நின்று, முகத்தைப் பார்த்துப் பேசினால் கேட்கும். தள்ளிப் போனால் கேட்காது. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். தலையை ஆட்டிவிடுவார்.

அம்மா இறந்த பிறகு லயத்து வரிசை வீடுகளில் அவர்களுடைய காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், இரண்டே பேர். ஒருவர் பேசினால் மற்றவர்தான் கேட்க வேண்டும். வேறு ஆள் இல்லை.

போன வருஷம் பள்ளிக்கூட நாடகத்தில் இசபெல் நடித்தாள். அப்பா கடைசி வரிசையில் நின்று பார்த்தார். அவர் நெட்டை. முன்னால் உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று எப்போதும் பின்னால் போய்விடுவார்.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"எந்த இடம் நல்லா இருந்துச்சு?"

"எல்லா இடமும்."

"கடைசியா நான் என்னா சொன்னேன்?"

அப்பா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "ஆமா, ஆமா."

இசபெல் மேலே கேட்கவில்லை. ஆனால் ஒன்றை முடிவு செய்தாள். அடுத்த தடவை அப்பாவுக்குக் கேட்க வேண்டும். ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் இராயப்பன் மாஸ்டர் ஒரு புது நாடகம் எழுதினார். 'மழைக்கு வரி போட்ட ராசா' என்று பெயர். வட்டவளை, பூண்டுலோயா, வட்டகொடை என்று மூன்று இடங்களில் போடப் போகிறார்கள். அழகன்தான் ராசா. இசபெல் கதை சொல்பவள். திறந்த வெளியில் சின்னப் பிள்ளைகளின் குரல் எடுபடாது என்பதால், மாஸ்டர் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்க அட்டன் டவுனுக்குப் புறப்பட்டார். சுமையைத் தூக்க லோரன்ஸ் வருவதாகச் சொன்னார். ராசாவும் வருவேன் என்றான்.

"நானும் வாரேன் சேர்," என்றாள் இசபெல்.

"நீ எதுக்கு?"

"அதுல நிறையப் பேசப் போறது நான்தானே, சேர்?"

மாஸ்டர் அவளுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்தார்.

முத்துலிங்கம் முதலாளியின் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. அவரிடம் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. ஒன்று மரப்பெட்டி. பளபளவென்று மெருகு போட்டிருந்தது. முன்பக்கம் தங்க நிறத் துணி. மற்றது தகரக் குழாய். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்து, ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

"கார் பெட்டரியில வேலை செய்யும். ரெண்டுல எது வேணும்?" என்று கேட்டார் முதலாளி.

"ஒண்ணுதான் தூக்க முடியும்," என்றார் மாஸ்டர். "ஸ்டேஷன்ல இருந்து மேட்டுல ஏறணும். பாட்டு ஒண்ணு போடுங்க, கேட்டுப் பார்ப்போம்."

முதலாளி இசைத்தட்டைச் சுழலவிட்டார். திருவிழாவுக்கு எல்லாத் தோட்டத்திலும் போடுகிற பாட்டு. மரப்பெட்டியில் அது தேன் மாதிரி வழிந்தது. மத்தளம் ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சில் வந்து தட்டியது. அடுத்து அதே பாட்டைக் குழாயில் போட்டார். பாடகர் மூக்கால் பாடினார்.

"இதுக்குச் சளி பிடிச்சிருக்கு சேர்," என்றான் அழகன். "கொத்தமல்லித் தண்ணி குடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர், முழங்கையில் குடையோடு வாசலில் நின்ற லோரன்ஸைப் பார்த்தார். "பெட்டி எப்படி இருக்கு லோரன்ஸ்?"

"ரொம்ப நல்லா இருக்கு சேர்."

"அப்ப பெட்டிதான். முடிஞ்சது."

"முடியல சேர்," என்றாள் இசபெல்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு சேர். பாதி கேட்டாலும் மீதியை நாமளே மனசுக்குள்ள பாடிக்கிறோம். நம்ம நாடகத்தை யாரும் முன்ன பின்ன கேட்டதில்லையே?"

"பாட்டு கேட்டா பேச்சும் கேக்கும் புள்ள," என்றார் முதலாளி.

"அதைப் பார்த்துருவோமே, முதலாளி?"

"கோச்சிக்கு நேரமாச்சும்மா," என்று ரயில் நேரத்தை நினைத்து மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இசபெல் வாசற்படியில் போய் நின்றாள். அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது.

"அஞ்சு நிமிஷம், சேர்."

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "சரி. நாங்க தள்ளிப் போய் நிக்கிறோம். கேக்குதான்னு மைக்ல கேளு."

"கேக்குதான்னு கேட்டா எல்லாரும் தலையைத்தான் ஆட்டுவாங்க," என்றாள் இசபெல். அப்பாவைப் பார்க்காமல்தான் சொன்னாள். "நான் ஒரு வேலை சொல்லுவேன். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சொன்னதைச் செய்யணும். விளையாட்டு மாதிரி."

அப்பாவின் கையைத் தொட்டு, முகத்துக்கு நேரே நின்று, அவருக்கு மட்டும் இன்னொரு முறை சொன்னாள்.

மூன்று பேரும் வீதியைக் கடந்து பஸ் நிலையத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றார்கள். முதலாளி பெட்டியை வாசலில் வைத்தார். இசபெல் மைக்கைப் பிடித்தாள்.

"சேர், கைக்கடிகாரத்தைக் கழட்டுங்க."

மாஸ்டர் கையைத் தூக்கி டாட்டா காட்டினார்.

"அழகன், குந்து."

அழகன் காதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, குடையை விரிங்க."

அப்பா சிரித்தார். தலையை ஆட்டினார். குடை அவர் முழங்கையில் அப்படியே தொங்கியது.

முதலாளி தாடையைச் சொறிந்தார். வயரைக் கழற்றிக் குழாயில் மாட்டினார். பெட்டியின் மேலேயே குழாயைத் தூக்கி வைத்தார்.

"சேர், மூக்குக் கண்ணாடியைக் கழட்டுங்க."

குரல் மூக்கால்தான் வந்தது. ஆனால் மாஸ்டர் உடனே கண்ணாடியைக் கழற்றினார்.

"அழகன், ஒத்தக் கால்ல நில்லு."

அழகன் நின்றான். பாண் ரொட்டிக் கூடை சுமந்த ஒருவர் மேல் சாய்ந்து திட்டு வாங்கினான்.

இசபெல் மூச்சை இழுத்து விட்டாள். "அப்பா, குடையை விரிங்க."

அப்பா தலையை ஆட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. குழாயையே பார்த்தார். பிறகு முழங்கையிலிருந்து குடையை எடுத்து, மெதுவாக விரித்தார்.

வானத்தில் ஒரு துளி மழை இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் மேலே பார்த்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பேர் தங்கள் குடைகளையும் விரித்தார்கள்.

இசபெல் மைக்கைக் கீழே வைத்தாள்.

அப்பா வீதியைக் கடந்து வந்தார். குடையை மடக்க மறந்திருந்தார்.

"இது கேக்குது," என்றார். ரொம்ப நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.

"பெட்டி கலியாண வீட்டுக்குப் பொருத்தம்," என்றார் முதலாளி. "பேச்சுக்குச் சளி பிடிச்சவன்தான் போல." குழாயைத் துடைத்துக் கொடுத்தார்.

வட்டவளையில் முதல் நாடகம். மேடைக்குப் பின்னால் குழாயைக் கட்டினார்கள். இசபெல் வாயைத் திறந்ததும் அது 'கீ...' என்று கத்தியது. முன்வரிசைக் குழந்தை ஒன்றும் கூடவே கத்தியது. இசபெல் மைக்கோடு இங்கும் அங்கும் நடந்து பார்த்தாள். குழாய்க்கு முன்னால் வந்தால் கத்தியது. பின்னால் போனால் அடங்கியது.

"குழாயோட சத்தமே திரும்ப மைக்குக்குள்ள போகுது சேர். குழாயை எனக்கு முன்னால, உயரத்துல கட்டுங்க."

சவுக்கு மரத்தில் கட்டினார்கள். கத்தல் நின்றது.

பூண்டுலோயாவில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து லயத்திலிருந்தும் ஆட்கள் வந்து நின்று கேட்டார்கள்.

ஆனால் இரண்டு இடத்திலும் அப்பா மேடைக்குப் பின்னால் இருந்தார். பெட்டரியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. குழாய் அந்தப் பக்கம் பார்த்துப் பேசியது. அப்பா இந்தப் பக்கம்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

இசபெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வட்டகொடையில் கடைசி நாடகம். திரை விலகுமுன் அவள் நேரே மாஸ்டரிடம் போனாள்.

"சேர், இன்னைக்குப் பெட்டரிகிட்ட நீங்க உட்காருங்க."

"நானா? புள்ள, நான் முன்னால இருந்து நாடகத்தைப் பார்க்க வேணாமா?"

"நீங்க எழுதின நாடகம் சேர். உங்களுக்கு மனப்பாடம். எங்கப்பா இன்னும் ஒரு தடவை கூடக் கேக்கல."

மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டரிக்குப் பக்கத்தில் குந்தினார்.

லோரன்ஸ் கடைசி வரிசைக்குப் போய் நின்றார்.

நாடகம் தொடங்கியது. பேசுகிறவர் கைக்கு மைக் மாறிக்கொண்டே இருந்தது. ராசா மழைக்கு வரி போட்டார். நனைந்தவர்கள் எல்லாம் வரி கட்ட வேண்டும் என்றார். சனங்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்த பிறகு அல்ல. அவர்களோடு சேர்ந்தே சிரித்தார். இசபெல் அதைப் பார்த்தாள்.

பாதியில் உண்மையாகவே தூறல் விழுந்தது. ராசாவின் காகிதக் கிரீடம் ஒரு காதுப் பக்கம் தொங்கியது. ஆட்கள் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்கள். யாரும் எழுந்து போகவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் வெறும் தலையோடு நின்றார். கண் மேடையில் இருந்தது. குடை முழங்கையில் தொங்கியது.

இசபெல் கதையை ஒரு நொடி நிறுத்தினாள். நாடகத்தில் இல்லாத ஒரு வரியைச் சொன்னாள்.

"அப்பா, குடையை விரிங்க."

எல்லாத் தலைகளுக்கும் பின்னால், ஒரு கறுப்புக் குடை விரிந்தது.

நாடகம் முடிந்தது. குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா ஸ்டேஷனுக்கு இறங்கினார். இசபெல் அவருக்கு முன்னால் ஓடிப்போய், திரும்பி நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

அப்பா யோசித்தார்.

"எல்லாம் சரி. ஒண்ணுதான் விளங்கல. ராசா மந்திரிகிட்ட 'மாட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு வா'ன்னு சொன்னாரே. மழைக்கு மாடு எதுக்கு?"

அழகன் 'மேகத்தை' என்று சொல்ல வேண்டிய இடம் அது. இசபெல் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் பெட்டரியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் சிரித்தார்.

அழகன் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்:

"சேர், அடுத்த வருஷம் அந்த மரப்பெட்டியையே எடுப்போம்."