முப்பத்தோராம் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை கதவிடுக்கால் உள்ளே தள்ளப்பட்டிருந்த படிவத்தில், காணாமல் போன நாளாக வரப்போகும் வியாழக்கிழமைத் திகதி இருந்தது.

தர்மினி முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பதற்றத்தில் எழுதுகிறவர்கள் நாளை மாற்றி எழுதிவிடுவது வழக்கம்தான். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த அவள், பட்டப்படிப்பின் ஓராண்டைக் கொழும்பில் படிக்க வந்திருந்தாள். அதில் மூன்று மாதம் ஏதாவதொரு பத்திரிகையில் பயிற்சி பெற வேண்டும் என்பது விதி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் நடந்த தமிழ் மாத இதழ் அவளைச் சேர்த்துக்கொண்டது. கதை, கட்டுரை என்று நினைத்து வந்தவளுக்குக் கொடுத்தது முப்பத்தோராம் பக்கம். காணாமல் போனோர் பக்கம். அது இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, கொழும்பில் தமிழர்கள் கடத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம். அந்தப் பக்கத்துக்கு ஆள் தட்டுப்பாடு வந்ததே இல்லை. உறவினர்கள் நிரப்பித் தரும் படிவங்களைத் தட்டச்சு செய்து, படங்களை ஸ்கான் பண்ணி, பன்னிரண்டு முகங்களை ஒரு பக்கத்தில் அடக்குவது அவள் வேலை. முதல் வாரம் கழிவறைக்குள் போயிருந்து அழுதாள். மூன்றாம் வாரம் அழுகை வரவில்லை. ஆறாம் வாரம் படிவத்தை வாசித்துக்கொண்டே பணிஸ் தின்ன முடிந்தது.

படிவத்தைக் கீழிருந்து மேலாகத் தட்டுவது அவளாகப் பழகிக்கொண்டது. அப்படிச் செய்தால் பெயர் கடைசியில்தான் வரும். அன்றும் அப்படியே தட்டினாள். நெருக்கமான, இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. கடைசியாக அணிந்திருந்த உடை, நீலக் கோடு போட்ட சேட். வயது ஐம்பத்து நான்கு. காணாமல் போன இடத்துக்கு நேரே இந்த அலுவலகத்தின் முகவரியே எழுதியிருந்தது. பெயர், சின்னையா நமசிவாயம்.

நமசிவாயம் எதிர்மேசையில் இருந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அந்த இதழுக்குப் பிழை திருத்துகிறவர்.

"என்ன பிள்ளை பாக்கிறாய்? என்ர மூஞ்சையில ஏதும் பிரண்டிருக்கோ?"

"இல்லை அங்கிள்."

படிவத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் ஹியூபேட்டின் அறைக்குப் போனாள். கொட்டாஞ்சேனைக்காரர், எதற்கும் சத்தம் போட்டுச் சிரிக்கிற மனிதர். பெயரையும் திகதியையும் மட்டும் பார்த்தார். மீதியை வாசிக்கவில்லை. நாலாகக் கிழித்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டார்.

"மிரட்டல்தான். எனக்கும் முந்தி வந்திருக்கு. அந்த மனுசனிட்டச் சொல்லிப் பயப்படுத்தாதீங்க மகள். வியாழக்கிழமை முழுக்க உள்ளுக்கே வெச்சிருந்து நானே கார்ல கொண்டுபோய் வீட்டில விடுறன்."

வியாழக்கிழமை நமசிவாயம் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு வந்தார். தர்மினிக்கு நெஞ்சுக்குள் ஏதோ சற்று இளகியது. அவ்வளவுதான்; உடனே அதுவும் போய்விட்டது. ஹியூபேட் காலையிலேயே கதவைப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அச்சுக்குப் போகவேண்டிய நாள், ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று ஒரு காரணம் சொன்னார்.

மத்தியானம் கழிந்ததும் கடல் பக்கமாக மழை திரண்டு வந்தது. உப்பும் துருவும் கலந்த காற்று ஜன்னல்களை அடித்து அடித்துத் திறந்தது. மேசைமேல் இருந்த தாள்கள் எழும்பி எழும்பி விழுந்தன. நமசிவாயம் ஓடிப்போய் ஒவ்வொரு ஜன்னலாக இழுத்துச் சாத்தினார். சாத்தி முடிப்பதற்குள் தெப்பமாக நனைந்துவிட்டார்.

"காய்ச்சல் வந்திடும், இதைப் போடுங்க" என்று ஹியூபேட் தன் அலுமாரியிலிருந்து ஒரு மாற்றுச் சேட்டை எடுத்து நீட்டினார்.

நமசிவாயம் அதற்குப் பொத்தான் போட்டபடியே திரும்பி வந்தார்.

நீலக் கோடு.

அந்த வரியை வாசித்தவள் அவள் ஒருத்திதான். ஹியூபேட்டுக்குத் தெரியாது. போட்டிருப்பவருக்குத் தெரியாது. கழற்றுங்கோ அங்கிள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல், மூன்றாம் வாரம் அழுகை நின்ற இடத்திலேயே நின்றது. அவள் திரைப் பக்கம் திரும்பி அடுத்த படிவத்தைத் தட்டத் தொடங்கினாள்.

ஐந்தரைக்குக் கரண்ட் போனது.

மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. சாத்திய ஜன்னல்களுக்குள் மழை இருட்டும் பசை மணமும் ஈரத் துணி மணமும் ஒன்றாகக் கூடி நின்றன. மெழுகுதிரி தேடி ஹியூபேட் தன் அறைக்குப் போனார். லாச்சிகளை அவர் இழுத்துத் தள்ளுவது கேட்டது. எதிரே நமசிவாயம் தாள் புரட்டுவது கேட்டது. இருட்டில் எதை வாசிக்கிறார்? கீழே கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று போக, சுவர் மெல்ல அதிர்ந்தது.

"பிள்ளை, இருக்கிறியோ?"

"ஓம் அங்கிள்."

தாள் புரண்டது.

"பிள்ளை, இருக்கிறியோ?"

அதே குரல்தான். ஆனால் அது மேசைக்குக் கீழிருந்து வந்தது. நிலத்துக்கும் கீழே இருந்து வருவதுபோல.

"ஓம்."

ரயில் போய் வெகு நேரமாகிவிட்டது. சுவர் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

"பிள்ளை... இருக்கிறியோ?"

வெகு தூரம். எங்கோ ஒரு கிணற்றின் அடி. அந்தக் குரலில் பயம் இருந்தது. பதிலுக்காகக் காத்திருந்தது.

அவள் பதில் சொல்லவில்லை.

தாள் சத்தம் நின்றது. மூச்சுச் சத்தம் நின்றது. மழை மட்டும்.

ஹியூபேட் மெழுகுதிரியோடு வந்தார். கதிரை காலியாக இருந்தது. தேத்தண்ணிக் கோப்பையில் ஆவி பறந்தது. கதவு பூட்டியபடி. சாவி அவர் பையில். ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. வெள்ளைச் சேட் மட்டும் கழிவறைக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஹியூபேட் கூப்பிட்டார். கத்தினார். அலுமாரிகளைத் திறந்து பார்த்தார். மேசைகளுக்குக் கீழே தவழ்ந்து பார்த்தார். தர்மினி இருந்த இடத்திலேயே இருந்தாள்.

சனிக்கிழமை காலை நமசிவாயத்தின் மனைவி பத்மாவதி வந்தாள். இரண்டு இரவு நித்திரையில்லாத கண்கள். ஹியூபேட் அவளுக்கு முன்னால் தலை குனிந்து இருந்தார்.

"பொலிஸில எழுத மாட்டம் எண்டுட்டாங்கள். பூட்டின அறைக்குள்ள இருந்து ஒரு மனுசன் எப்பிடிக் காணாமப் போறதெண்டு கேக்கிறாங்கள். நீங்களாவது போடுங்கோ தம்பி."

தர்மினி படிவக் கட்டையும் பேனையையும் கொண்டுவந்து வைத்தாள். பத்மாவதி எழுதினாள். நெருக்கமான, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அதே சொற்கள். அதே வரிசை.

நீலக் கோடு போட்ட சேட்.

"அன்ரி, அவர் அண்டைக்கு வீட்டிலயிருந்து வெள்ளைச் சேட்டெல்லே போட்டுக்கொண்டு வந்தவர்?"

"ஓம் பிள்ளை, வெள்ளை. நான்தான் அயன் பண்ணிக் குடுத்தனான்."

அப்படிச் சொன்னபோது பத்மாவதி தர்மினியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் கண்ணைத் துடைத்தாள். வலது கை எழுதிக்கொண்டிருந்தது. அடிவரி முடிந்ததும் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு அடுத்ததை இழுத்து எடுத்தது. வேறொரு பெயரை எழுதியது. திகதிக்கு நேரே திங்கட்கிழமை என்று போட்டது.

"அன்ரி..."

"என்ன பிள்ளை?"

கை இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஹியூபேட் கதிரையைப் பின்னே தள்ளிக்கொண்டு எழுந்தார். சுவரில் முட்டும்வரை பின்னால் போனார்.

செவ்வாய். புதன். இன்னொரு தாள். இன்னொன்று. மத்தியானம் ஆனபோது பத்மாவதி களைத்துப்போய் மேசையில் தலை சாய்த்து நித்திரையாகிவிட்டாள். மெல்லிய குறட்டை கேட்டது. கை நிற்கவில்லை. கட்டு முடிந்தது. பேனை முனை வெறும் பலகையில் ஏறியது. கீறியது. மரத்தூள் கிளம்பியது. சத்தம் பல்லுக்குள் கூசியது.

தர்மினி அலுமாரியைத் திறந்தாள். புதுக் கட்டொன்றைப் பிரித்தாள். மேல் தாளை எடுத்து, மூலை மடியாமல் நீவி, அந்தக் கைக்குக் கீழே மெதுவாகச் சொருகினாள்.