வம்ச அட்டவணையின் கடைசிக் கட்டம்

என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா வீபே யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளை பெற்றார் என்று தோண்டத் தொடங்கியது என் கொழுப்பு. யாரும் என்னைக் கேட்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1851இல் வீபேவுக்கும் ஹில்ட்யேவுக்கும் நடந்த திருமணத்தின் பதிவு கிடைத்தது. பிறப்புப் பதிவுகளில் மாய்க்கே என்ற பெயர் மூன்று முறை இருந்தது. ஒரு பிள்ளை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது வட நெதர்லாந்தில் எங்கள் ஃபிரீஸ்லாந்துப் பக்கம் அந்தக் காலத்து வழக்கம். பெயர் எனக்குப் பிடித்துப்போனது. சுவரில் ஒட்டியிருந்த வம்ச அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், பிறக்கப்போகும் என் மகளுக்கு அதையே எழுதிவைத்தேன்.

குடும்ப பைபிள், வீபே வாழ்ந்த பழைய வீட்டில் பெரியப்பா மகன் டௌவேயிடம் இருந்தது. மதியம் மூன்று மணிக்கே பனி மூடியிருந்தது. அவர் கதவைப் பாதிதான் திறந்தார்.

"செத்தவங்கள எண்ண வந்தியா?"

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேண்ணே."

ஒரு காபி, ஒரு பிஸ்கட் தந்துவிட்டு டப்பாவை உடனே மூடினார். கஞ்சத்தனத்தில் எங்கள் குடும்பம் யாருக்கும் சளைத்ததில்லை.

பைபிளின் முதல் பக்கத்தில் ஹில்ட்யேயின் கையெழுத்து.

மாய்க்கே, ஆறு வயதில், வாய்க்காலில் மூழ்கி.

மாய்க்கே, ஒன்பதாம் நாள்.

மாய்க்கே, ஒன்பதாம் நாள்.

நான்காவது ரென்ஸ்கே. அவள் எண்பது வயது வரை வாழ்ந்தாள். எங்கள் வம்சமே அவள் வழி வந்ததுதான்.

"இவளுக்கு மட்டும் ஏன் வேற பேரு?"

"மூத்தவளுக்குத் துணை வேணும். அவ பேர யாருக்கு வச்சாலும் வந்து தூக்கிட்டுப் போயிடுவா. ரெண்டு குழந்தைய வாரிக் குடுத்தப்புறம்தான் ஆத்தாளுக்குப் புத்தி வந்துச்சு." என் வயிற்றைப் பார்த்தார். "நீ என்ன பேரு யோசிச்சிருக்க?"

என் விரல் பைபிளில் மாய்க்கே என்ற பெயரின்மேல் போய் நின்றது.

அறையில் வாய்க்கால் சேற்றின் வாடை எழுந்தது.

மேசைக்கு அடியில் என் வயிற்றின்மேல் ஒரு கை பட்டது. சின்னக் கை. ஈரமான கை.

உள்ளே என் பிள்ளை அந்தக் கை இருந்த பக்கமாகவே உதைத்தது.

டௌவே குனிந்து பார்க்கவில்லை. "கெளம்பு," என்று கிசுகிசுத்தார். "எங்கயாச்சும் எழுதி வச்சிருந்தா அழிச்சிடு."

வீட்டுக்கு வந்ததும் காகிதம் தேயத் தேய அழித்தேன். அதன்மேல் ரென்ஸ்கே என்று எழுதினேன். பிழைத்தவளின் பெயர்.

மகள் பிறந்தாள். பெயர் வைப்பதை என் கணவன் யெல்லே என்னிடமே விட்டிருந்தான். மூன்றாம் நாள் நகரமன்றத்தில் பிறப்பைப் பதியக் கிளம்பியவனிடம், அட்டவணையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு போ என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. திரும்பி வந்து, குழந்தை பார்க்க வரும் விருந்தாளிகளுக்காக எங்கள் வழக்கப்படி ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய இளஞ்சிவப்புச் சோம்பைத் தூவிக்கொண்டே சொன்னான்.

"மாய்க்கே. நல்ல பேரு."

"நான் ரென்ஸ்கேன்னுதானே எழுதினேன்."

"மாய்க்கேன்னுதான் இருந்துச்சு. கோழி கிண்டின மாதிரி. வலியோட எழுதியிருப்பன்னு நெனச்சேன். இனி மாத்தணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்."

கோர்ட்டுக்கு மாதக்கணக்காகும். எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கும் சிரிப்பவன் சிரிக்கவில்லை. அன்று முதல் இருவரும் மாற்றி மாற்றிக் குழந்தையைக் கையிலேயே வைத்திருக்கிறோம். எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று எட்டாம் நாள். சற்று முன் வீட்டுக்குள் சேற்று வாடை அடித்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அட்டவணையிடம் போனேன். எழுதப் பழகும் பிள்ளையின் கோணல் எழுத்தில் மாய்க்கே என்று இருந்தது. பக்கத்தில் பிறந்த நாள், அது அவள் பிறந்த அன்றே நான் எழுதியது. அதற்கடுத்து இறந்த நாளுக்கான இடம். காலையில் அது வெறுமையாகத்தான் இருந்தது.

இப்போது அங்கே நாளைய தேதி இருக்கிறது. சேறு இன்னும் காயவில்லை.