ஒரு தலை குறைகிறது

வீல் என்று ஓர் அலறல்!

ஒன்பதாம் நம்பர் கேட்டுக்குப் பக்கத்துப் பெண்கள் கழிவறையிலிருந்து வந்தது. துடைப்பமும் கையுமாக வெளியே ஓடிவந்தாள் துப்புரவுப் பெண். உள்ளே கையைக் காட்டினாள்.

கடைசிக் கதவு.

அடியில் இருந்த இடைவெளியில் ஒரு கை தெரிந்தது. வளையல் போட்ட கை. அசையாத கை...

முதலில் ஓடியவள் கேட் அக்கா. விமானம் ஏற வருகிறவர்களின் பாஸை ஸ்கேன் செய்து உள்ளே அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதே வேலை. பைலட் முதல் பெட்டி ஏற்றுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் அக்காதான்.

பூட்டின் வெளிப்பள்ளத்தில் ஒரு நாணயத்தைச் செருகித் திருப்பினாள். கதவு திறந்தது. உள்ளே சுவரோடு சரிந்து கிடந்தாள் ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். உதடு வெளிறி, மூச்சு நூலாக இழுத்துக்கொண்டிருந்தது.

உயிர் இருக்கிறது. அதுவரை நிம்மதி.

விமான நிலைய டாக்டரம்மா வந்து இமையைப் பிரித்துப் பார்த்தார்.

"ஏதோ மாத்திரை உள்ள போயிருக்கு. தூக்க மாத்திரையா இருந்தா மாற்று ஊசி இருக்கு, போட்டுடுவேன். வேற எதுவாவது இருந்தா அந்த ஊசியே ஆளை முடிச்சிடும். என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியணும். இவ யாரு? கூட வந்தது யாரு?"

யாருக்குத் தெரியும்? கைப்பை இல்லை. போன் இல்லை. பாஸ் இல்லை.

"உன் விமானத்து ஆளா பாரும்மா."

"என்னோடது இல்ல டாக்டர். நூத்தி அறுபத்திரெண்டு பேரும் ஏறிட்டாங்க. கம்ப்யூட்டர்ல முழுசாக் காட்டுது."

சொல்லி வாய் மூடவில்லை. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி கரகரத்தது. விமானத்துக்குள்ளிருந்து பணிப்பெண்.

"அக்கா, ரெண்டு தடவை எண்ணிட்டேன். நூத்தி அறுபத்தொண்ணுதான் வருது. ஒரு தலை குறையுது."

கேட் அக்கா வரிசையை மனசுக்குள் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தாள்.

நினைவு வந்துவிட்டது. நீலச் சட்டைக்காரர்! வரிசை நெருக்கியடித்த நேரத்தில் இரண்டு பாஸை நீட்டினார். மனைவிக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது, பின்னாலேயே வருகிறாள் என்றார். ஆளைப் பார்க்காமல் ஸ்கேன் செய்யக்கூடாது. செய்தாள். விமானம் தாமதமானால் திட்டுகிறவர்கள் மேலே பத்துப் பேர் இருக்கிறார்களே... இரண்டு முறை 'பீப்', முடிந்தது கதை.

இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால்? விமானக் கதவு மூட இன்னும் ஆறு நிமிஷம். விமானம் பறந்துவிடும். இவள் யாரோ ஒருத்தியாகச் செத்துப்போவாள்.

கேட் அக்கா தரையில் கிடந்தவளை ஒரு தரம் பார்த்தாள். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

"கதவை மூடாதீங்க. ஆளில்லாம ஒரு பாஸை ஸ்கேன் பண்ணிட்டேன். தப்பு என்னோடது. நான் உள்ள வர்றேன்."

ஓடினாள்.

பதினெட்டாம் வரிசை. ஜன்னலோர சீட் காலி. அடுத்த சீட்டில் பெல்ட் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் நீலச் சட்டைக்காரர்.

"சார், உங்க மனைவி எங்க?"

"டாய்லெட்ல இருக்கா."

"டாய்லெட்லதான் இருக்காங்க சார். ஆனா இந்த விமானத்துல இல்ல."

கண் திறந்தது. ஆனால் முகத்தில் ஓர் ஈ பறந்த சலனம்கூட இல்லை.

கேட் அக்கா கெஞ்சினாள். மனைவி என்ன சாப்பிட்டார், ஏதாவது மாத்திரை எடுப்பவரா, ஒரு வார்த்தை சொன்னால் உயிர் பிழைக்கும் என்றாள். எனக்கென்ன தெரியும் என்றார் அவர். அவர் காலடியில் ஒரு பெண்ணின் கைப்பை கிடந்தது. இழுத்துத் திறந்தாள். போன், பாஸ்போர்ட், சீப்பு. மாத்திரை மட்டும் இல்லை.

கேப்டன் விஷயத்தைக் கேட்டார். பயணி வராவிட்டால் அவர் பெட்டியும் பறக்கக்கூடாது என்பது சட்டம், இறக்கு என்றார். பெட்டி என்றதும் இந்த மனிதர் துள்ளுவார், தடுப்பார் என்று கேட் அக்கா நினைத்தாள்.

அவரோ லேசாகச் சிரித்தார்.

"தாராளமா இறக்குங்க. அவ பெட்டிதான், அவளே அடுக்கினது. திறந்தும் பாருங்க."

என்ன நெஞ்சழுத்தம் என்று பல்லைக் கடித்தாள் கேட் அக்கா.

விமானத்தின் வயிற்றுக்குள் புகுந்து, நூற்றுச் சொச்சம் பெட்டிகளைப் புரட்டி அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. டாக்டரம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார். மூச்சு இறங்குகிறது என்றார். அப்புறம், இன்னும் இறங்குகிறது என்றார்.

தகவல் கேட்டு வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் பெட்டி திறந்தது. புடவைகளுக்கு நடுவே ஒரு காலுறை. காலுறைக்குள் நான்கு காலி மாத்திரை அட்டைகள்! கேட் அக்கா பெயரை எழுத்துக் கூட்டிப் போனில் படித்தாள்.

"தூக்க மாத்திரைதான்," என்றார் டாக்டரம்மா. "ஊசி போடறேன். போனை வை."

நீலச் சட்டைக்காரரின் கையைப் பிடித்து எழுப்பியது போலீஸ்.

ஒரு மணி நேரம் கழிந்தது. விமானம் போய்விட்டது. கேட் அக்கா கையில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ இருந்தது. அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மருத்துவ அறைக் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகளுக்கு ஜுரம் கண்டால் உட்காருவது போல.

கட்டிலில் இமைகள் அசைந்தன. உதடு பிரிந்தது.

"அவர்... செத்துட்டாரா?"

பாவி மகள், இந்த நிலையிலும் புருஷன் நினைப்பா! கேட் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"இல்லம்மா, கல்லு மாதிரி இருக்காரு. நீ கவலைப்படாத."

அந்த முகம் வாடியது.

"கல்லு மாதிரியா? நாலு அட்டையும் பொடி பண்ணிப் போட்டேனே..."

தலையைத் தடவிய கை அப்படியே நின்றது.

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர் திரும்பி, பக்கத்து அறைக்குப் போய் நீலச் சட்டைக்காரரை நிமிர வைத்துக் கேட்டார். அவரும் மறைக்கவில்லை.

"ஒன்பது வருஷத்துல ஒரு நாள் எனக்குக் காபி வாங்கித் தந்ததில்ல சார். இன்னிக்குத் தந்தா. சக்கரை போட்டு அரை மணி நேரம் கலக்கினா. எனக்கு சந்தேகம் வராதா? அவ அந்தப் பக்கம் திரும்பினப்ப கோப்பையை மாத்தி வெச்சேன். தலை சுத்துதுன்னு எழுந்தா. பையை நான் வெச்சுக்கிறேன், போய் முகம் கழுவுன்னேன். அவ்வளவுதான்."

"செத்துப்போவான்னு தெரிஞ்சும் ஏறி உட்கார்ந்துட்டீங்க?"

"அவளும் அதே யோசனையோடதான சார் வந்தா."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தலையைச் சொறிந்துகொண்டே வராந்தாவுக்கு வந்தார். அங்கே கேட் அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு பார்த்ததில்லம்மா. இதுல யார் புகார் குடுக்கறது, யார் மேல குடுக்கறது?"

கேட் அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ரெண்டு பேருமே குடுப்பாங்க சார். புகார் குடுத்தா வாங்கிக்குங்க... காபி குடுத்தா மட்டும் வாங்கிடாதீங்க."