ஜெனிஸ்ரனின் கோப்புறை

நெற் இல்லாத வீட்டில் ஏதோ தரவிறங்கிக்கொண்டிருந்தது.

நிலக்சனா றவுற்றரை எட்டிப் பார்த்தாள். ஒரு வெளிச்சமும் இல்லை. எழுவைதீவில் சோளகக் காற்று எழும்பினால் முதலில் போவது நெற். கொழும்புக்காரர் நெற்றில் இறக்குவதைத் தீவார் பென்ட்றைவில் போட்டுப் படகேற்றி வருவார்கள். அவளும் அப்படித்தான், ஊர்காவற்றுறையில், கூட நிரல் எழுதிய ஜெனிஸ்ரனின் லப்ரொப்பிலிருந்து, நிரலுக்கு வேண்டிய ஜாவா நூலகங்கள் நிறைந்த கோப்புறையை அப்படியே அள்ளி வந்திருந்தாள். ஜெனிஸ்ரனுக்கு இனி அது தேவைப்படாது. போன மாதம் அவன் வந்த படகு புரண்டது. உடல் கிடைக்கவில்லை.

நிரலைக் கோத்துக் கட்டும் பில்ட் ஓடும்போது தேவையான நூலகத்தைக் கருவி இந்தக் கோப்புறையில்தான் தேடும். இல்லாவிட்டால் வெளியே போய் எடுத்துவரும்.

திரையில் ஒரு வரி. 'ஜெனிஸ்ரன்: பழுதடைந்துள்ளது.'

பகிடிக்குத் தன் பேரிலேயே ஒரு நூலகம் எழுதியிருக்கிறான் போல. பழுதென்றால் அழிப்பதுதான் வழக்கம், கருவி புதிதாய்க் கொண்டுவரும். அழித்தாள்.

'ஜெனிஸ்ரன்: இல்லை. எடுக்கப்படுகிறது.'

எங்கிருந்து?

வெக்கை வெயில், ஓலை வேலியில் காற்று உரசும் ஓசை, அதற்குள் மெல்ல மெல்ல வெயிலில் அழுகிய சாதாளைக் கடற்புல்லின் நாற்றம். லப்ரொப்பின் விசிறி ஈரத்தை இழுத்து இழுத்து மூச்சுவிட்டது. விசைகளின் இடுக்கில் நீர் கசிந்தது. நாக்கில் வைத்தாள்.

உப்பு.

போன் அடித்தது. ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் அவள் புருசன் அன்ரனிதாஸ்.

"படகு வெளிக்கிட்டு வந்துகொண்டிருக்கு. என்ன, இன்னும் அந்தப் பெட்டியைத்தான் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கிறீரோ? சோத்தைப் போட்டு வையும்."

அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது வரி மாறியது.

'ஜெனிஸ்ரன்: கிடைத்தது. இயங்க இன்னொன்று தேவை. அன்ரனிதாஸ்: இல்லை. எடுக்கப்படுகிறது.'

"இஞ்சாருங்கோ... இறங்குங்கோ! உடனை இறங்குங்கோ!"

"விசரே உமக்கு? நடுக்கடலிலை எங்கை இறங்கிறது?" சிரித்தான். சிரிப்பு நின்றது. "பொறும். ஆரோ படகின்ரை விளிம்பைப் பிடிக்கிற மாதிரி... கை—"

அறுந்தது.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். நிற்கவில்லை. வயரைப் பிடுங்கினாள். பற்றரியைக் கழற்றி எறிந்தாள். அப்போதும் திரை ஒளிர்ந்தது. ஐம்பது வீதம். எழுபது.

ஜெனிஸ்ரனை அழித்து இல்லாமல் ஆக்கியது அவள். கருவி கடலுக்குப் போய்க் கொண்டுவந்துவிட்டது.

நூறு.

திரை அணைந்தது. காற்றும் நின்றது.

படகு கரைதொட இன்னும் நேரமிருந்தது. ஆனால் குசினிக் கதவு தட்டப்பட்டது. மெதுவாக. ஈரக்கையால்.

"நிலா, சோத்தைப் போடும். என்னோடை ஒரு ஆளும் வந்திருக்கு."

அவன் குரல்தான்.

அவள் குனிந்தாள். கதவுக்கு அடியால் நீர் ஊர்ந்து வந்தது. அதற்கப்பால் நான்கு பாதங்கள். ஒரு சோடியை அவளுக்குத் தெரியும்.

மற்றச் சோடியில் சாதாளை வேர்விட்டிருந்தது.