எடுத்த இடம்

கடிகாரம் காணாமல் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அது மாட்டியிருந்த இடம் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்ததுதான் உறுத்தியது. சுற்றிலும் கூடத்துச் சுவர் பழுப்பேறிக் கிடக்க, அந்த வட்டம் மட்டும் நேற்று வெள்ளையடித்த மாதிரி புதிதாக இருந்தது. படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை பார்ப்பவள் அவள். ஒரு பொருள் சுவரில் இப்படி அச்சு விட வேண்டுமானால் வெயிலும் தூசியும் அடுப்புப் புகையும் வருடக்கணக்கில் படிய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கடிகாரத்தை வாங்கி மாட்டியது போன மாதம்தான்.

"குட்டி, கடிகாரத்தை எங்க எடுத்து வெச்சாருன்னு உங்கப்பாவைக் கேளு" என்றாள்.

அந்த வீட்டில் பேச்சுவார்த்தை அப்படித்தான் நடந்தது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கணவன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற நாளிலிருந்து, சோறு வேண்டுமா வேண்டாமா என்பதுகூட ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் வாய் வழியாகத்தான் போய் வந்தது. அந்தப் பிஞ்சு நடுவில் இல்லாவிட்டால் இருவரும் எப்போதோ ஆளுக்கொரு திசையாகப் போயிருப்பார்கள்.

குட்டி ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். "எந்தக் கடிகாரம்னு கேக்கறாரும்மா. எனக்கும் தெரியலை."

குழந்தையையும் தயார் பண்ணிவிட்டான் பார், என்று அவள் பல்லைக் கடித்தாள். சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு அவன் போனில் மூழ்கியிருந்தான். எதிர்ச் சுவரில் அந்தப் படம் தொங்கியது.

அது கடைக்குத் திரும்பி வந்த படம். யோசனைதான் கலை, பொருள் வெறும் சாக்கு என்று முதலாளி சொல்லிச் சொல்லி விற்கும் வகை. ஒரு பழைய சுவரின் புகைப்படம். நடுவில், ஏதோ ஒரு படம் வெகுநாள் தொங்கிய இடம் மட்டும் செவ்வகமாக வெளிறியிருக்கும். அதன் உச்சியில் ஓர் ஆணி, வலப்பக்கம் பல்லி வால் போல வளைந்த ஒரு விரிசல். அடியில் தலைப்பு: 'எடுத்த இடம்'. மூலம் எங்கோ கண்காட்சியில் நிஜச் சுவராகவே இருந்ததாம். வீட்டுக்கு மாட்ட இது நகல். விலைபோகாது என்று முதலாளி அவள் தலையில் கட்டிவிட்டார். கணவனுக்கு எரியட்டும் என்றே அதை அவன் கண்ணெதிரே மாட்டினாள். எரியத்தான் செய்தது.

"குட்டி, வெறுஞ்சுவத்துல மாட்ட வெறுஞ்சுவர் படமா? உங்கம்மா மூளைக்கும் ஒரு சட்டம் போடச் சொல்லு."

அதனாலேயே படத்தைக் கழற்றக் கூடாது என்று வீம்பாக இருந்தாள். கடிகாரத்துக்குப் பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி போனது, அப்புறம் செருப்பு வைக்கும் பலகை. ஒவ்வொரு முறையும், போன இடம் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு முறையும் ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. அதற்குச் சற்று முன்பு, ஆணியிலிருந்து எதையோ தூக்குவது போல மெல்லிய ஒரு கிறீச். அவன் வேலைதான் என்று நினைத்தாள். தன்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குட்டியைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள்.

சாய்வு நாற்காலி இல்லை. பழுப்பேறிய தரையில் நான்கு கால்களின் தடம் மட்டும் பளபளத்தது. அவன் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். செத்துப்போன அவன் அப்பாவின் நாற்காலி அது. அதில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை.

முதல் முறையாக அவளே நேராகக் கேட்டாள். "உங்கப்பா நாற்காலி எங்கே?"

"அப்பாவுக்கு ஏது நாற்காலி? நான் எப்பவும் தரையிலதானே உக்காருவேன்?" அவன் முகத்தில் நடிப்பு இல்லை.

அவளுக்குப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்த ஆள் நினைவுக்கு வந்தார். வாங்கும்போது அவர் மனைவி கூடவே நின்று, கறுப்புச் சட்டம் வேண்டாம், மரநிறம்தான் வேண்டும் என்று மல்லுக்கு நின்றாள். திருப்பித் தர அவர் மட்டும் வந்தார். "வீட்டம்மாவுக்குப் பிடிக்கலையா சார்?" என்று இவள் சிரித்துக்கொண்டே கேட்டதற்கு, "எனக்குக் கல்யாணமே ஆகலையேம்மா" என்றார். வீட்டில் ஏதோ சண்டை போலிருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தாள்.

அறைக்கு ஓடினாள்.

குட்டி இருந்தாள். கட்டிலில், நீலப்பூப் போட்ட விரிப்பில், கன்னத்துக்கு அடியில் கையை வைத்து, முழங்காலை மடக்கித் தூங்கினாள். அவள் மூச்சின் சூடு உள்ளங்கையில் படும்வரை அம்மா குனிந்தே நின்றாள்.

பிறகு கூடத்துக்கு வந்து படத்தை இறக்கினாள். தெருமுனைக் குப்பைத்தொட்டியில் சட்டத்தின் கண்ணாடியைப் போட்டு உடைத்தாள். தாளைச் சுக்குநூறாகக் கிழித்தாள். நிம்மதியாக இருந்தது.

திரும்பி வந்தாள்.

கூடத்துச் சுவர். பழுப்பேறிய சுவர். நடுவில் வெளிறிய ஒரு செவ்வகம்.

உச்சியில் ஆணி. வலப்பக்கம் விரிசல். பல்லி வால் போல வளைந்த விரிசல். காலையில் அது அங்கே இல்லை.

அவள் கிழித்தது நகல்.

இது நகல் இல்லை.

சுண்ணாம்பு வாசனை.

உள்ளே, அறையில், கிறீச்.

"குட்டி?"

ஓடினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விரிப்பு நைந்து சாயம் போய்க் கிடந்தது. நடுவில் மட்டும் நீலப்பூக்கள் புத்தம்புதிதாக. சின்னத் தலையின் தடம். மடக்கிய முழங்கால். கன்னத்துக்கு அடியில் வைத்த கை.

பின்னால் கணவன் வந்தான்.

"யாரைத் தேடறே?" என்று கேட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலில் துளி வெறுப்பு இல்லை. சண்டை போட்டவன் குரலே இல்லை அது. "முகமெல்லாம் ஏன் இப்படி வேர்க்குது? கொஞ்ச நேரம் படு, வா."

சொல்லிக்கொண்டே கட்டிலுக்குப் போய், அந்தச் சின்னத் தலை இருந்த இடத்தின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக்காட்டினான்.